யாருக்கோ போட்ட கோடி

பூரணி: ...அழுதேன் தம்பி. தொண்ட கட்டுற வரைக்கும் அழுதேன். இந்தா, கொரல் எப்பிடி கரகரன்னு இருக்குன்னு நீயே கேளு.

கஜேந்திரன்: அம்மா, அழுதீங்க, சரி. எங்க அழுதீங்க? அதத்தான் கேக்குறேன்.

ஆண்டியப்பன்: சாவு வீட்டுலதான்டா. வேற எங்க போயி அழுவா, மரக்கறிச் சந்தையிலயா?

கஜேந்திரன்: அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் அம்மாகிட்ட கேக்குறேன்.

ஆண்டியப்பன்: வத்தளையில இருந்து விடிய விடிய பஸ்ஸுல வந்து, ஒரு வா தேத்தண்ணி கூட குடிக்காம, பெத்த தாய நிக்க வச்சு விசாரிக்கிற. எப்படா பொலிஸுல சேந்த?

கஜேந்திரன்: நேத்து அந்திக்கு அழகம்மா அத்த கோல் எடுத்துச்சுப்பா. ஒரே அழுக. "மூக்கன் மாமா செத்ததுக்கு ஒங்கப்பாவும் ஆத்தாவும் எட்டிக்கூடப் பாக்கல கஜேந்திரா, சொந்தத் தங்கச்சி தாலியறுத்து ஒக்காந்திருக்கேன், எங்கண்ணன் வரலையே"ன்னு.

பூரணி: பொய்.

கஜேந்திரன்: அத்த எதுக்கும்மா பொய் சொல்லப்போவுது?

பூரணி: அழகம்மா தோளக் கட்டிப் புடிச்சுத்தானே நான் அழுதேன். எம் மூக்குச் சளி பூரா அவ ரவிக்கையில. போயி பாரு, இன்னும் காஞ்சிருக்காது.

ஆண்டியப்பன்: தொவச்சிருப்பா.

கஜேந்திரன்: நான் லீவு கெடைக்காம அங்க மண்டைய ஒடச்சுக்கிட்டு இருந்தேன். நீங்கதான் "நாங்க போறோம், கந்தப்பள என்ன கண்காணாத தேசமா, நீ கவலப்படாத"ன்னு சொன்னீங்க.

ஆண்டியப்பன்: சொன்னேன். போனேன். வந்தேன். இதுல ஒனக்கு என்ன வெளங்கல?

கஜேந்திரன்: போனீங்கன்னா அங்க இருந்த அத்தன சனத்துல ஒருத்தர் கூடவா ஒங்களப் பாக்கல?

ஆண்டியப்பன்: பொணத்தப் பாக்க வந்தவன் என்னைய எதுக்குடா பாக்குறான்?

கஜேந்திரன்: ...அப்பா. கிளினிக்குல என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?

ஆண்டியப்பன்: உப்பக் கொறைக்கச் சொன்னாங்க.

கஜேந்திரன்: அது பிரஷருக்கு. நான் சொல்றது மறதிக்குக் காட்டுனது.

பூரணி: படம் போட்டுக் காட்டுன டாக்டரம்மா. நல்ல புள்ள. கொண்டதான் சரியா முடியத் தெரியல.

ஆண்டியப்பன்: அது ஒரு படமா? ஒரு பொம்பள தேத்தண்ணி ஊத்துறா. அவ்வளவுதான் கத. முடிஞ்சதும் அவ மொதல்ல என்ன செஞ்சா, பொறகு என்ன செஞ்சா, வரிசையா சொல்லுங்கன்னாங்க. நான் சொன்னேன், செஞ்சது அத்தனையும் பிழ, தண்ணி கொதிக்கல, அதுக்குள்ள தூளக் கொட்டுறான்னு. தோட்டத்துல கங்காணியா இருந்தவன்கிட்ட கொண்டாந்து அந்தக் கண்றாவியக் காட்டிட்டு...

பூரணி: நான் அவ கட்டியிருந்த சேலையச் சொன்னேன். ஊதாவுல வெள்ளப் பூ. வாட்ச்சு எந்தக் கையின்னு கூட சொன்னேன். அத அவங்க கேக்கவே இல்ல.

கஜேந்திரன்: அவங்க கேட்டதுக்கு நீங்க ரெண்டு பேரும் பதில் சொல்லல. அதனாலதான் மறதின்னாங்க.

ஆண்டியப்பன்: "கொஞ்சம்"னாங்க. கொஞ்சம் மறதி. அந்த "கொஞ்சத்த" மட்டும் முழுங்கிட்டுச் சொல்றான் பாரு.

கஜேந்திரன்: சரி, கொஞ்சம். "இப்ப பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா இன்னும் ஒரு தடவ ஏதாச்சும் தவறிப்போச்சுன்னா ரெண்டு பேரையும் தனியா விடக்கூடாது"ன்னாங்க. தங்கச்சி தனுஜாவும் நானும் அன்னைக்கே பேசி வச்சிட்டோம். அம்மா பதுளையில தனுஜா வீட்டுல. நீங்க வத்தளையில எங்கூட.

பூரணி: ஒருத்தர் அந்தப் பக்கம், ஒருத்தர் இந்தப் பக்கம். ஆட்டுக்குட்டியா நாங்க, பங்கு போட்டுப் புடிச்சிக்கிட்டுப் போக?

கஜேந்திரன்: எங்க வீட்டுல ஒரு காம்பராதாம்மா. தனுஜாவுக்கு மாமியாரும் கூட இருக்காங்க. ஆளுக்கு ஒருத்தரத்தான் வச்சுக்க முடியும். எங்களுக்கு மட்டும் ஆசையா?

ஆண்டியப்பன்: நாங்கதான் ஒண்ணும் தவறலையே. பொறகென்ன.

கஜேந்திரன்: தைப்பொங்கலுக்கு மறுநாளு, லயத்து வரிசையில எல்லா வீடும் மாட்டுப் பொங்கல்ல இருக்க, நீங்க மட்டும் வாசல் இஸ்தோப்புல அடுப்பு மூட்டி சூரியனுக்குப் பொங்குனீங்களே.

ஆண்டியப்பன்: அன்னைக்கும் சூரியன் வந்துச்சுதானே?

கஜேந்திரன்: போன மாசம் விடியக் காத்தால கம்பளியப் போத்திக்கிட்டு பெரட்டுக் களத்துல போயி நின்னது யாரு? ஆளுங்கள வேலைக்குப் பிரிச்சு விடுறேன்னு?

ஆண்டியப்பன்: பிரிச்சு விட்டேன்டா. இப்ப இருக்குற பயலுகள விட ஒழுங்காத்தான் பிரிச்சேன். வேலைய மேப்பாக்குற கண்டாக்கையா கூட ஒண்ணும் சொல்லல.

பூரணி: அவருக்குச் சிரிப்பு தாங்கல.

கஜேந்திரன்: சரி. நேத்து நடந்தது தவறல்லன்னு எனக்குக் காட்டுங்க. மாமா வீட்டுக்குத்தான் போனீங்கன்னா நான் இப்பவே அத்தகிட்ட பேசுறேன். மாமா எப்பிடி இருந்தாரு?

ஆண்டியப்பன்: செத்துப்போயி இருந்தாரு.

கஜேந்திரன்: அம்மா, நீங்க சொல்லுங்க.

பூரணி: வேட்டி கட்டி, கழுத்து வரைக்கும் மால போட்டு, நல்லாத்தான் வச்சிருந்தாங்க. மீசைய மட்டும் கொஞ்சம் ஒதுக்கி விட்டிருக்கலாம். அப்பிடியே வாய மூடி விழுந்திருந்துச்சு.

கஜேந்திரன்: மூக்கன் மாமாவுக்கு ஏதும்மா மீச?

பூரணி: ...இல்லையா?

கஜேந்திரன்: நான் பொறந்ததுல இருந்து இல்ல.

ஆண்டியப்பன்: செத்த பொறகு வளரும்டா. ரெண்டு நாளு பொட்டியில கெடந்தா வளரத்தான் செய்யும். அவனுக்கு அங்க வேற என்ன வேல?

கஜேந்திரன்: அப்பா, வெளையாடாதீங்க. கோடி என்னாச்சு?

ஆண்டியப்பன்: என்ன கோடி?

கஜேந்திரன்: நீங்க கொண்டுபோன கோடிச் சேல. தாலியறுக்கிற பொம்பளைக்கு அண்ணன் தம்பி கையாலதானே புதுச் சேல விழணும். ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்களாம்ப்பா. பொணத்தத் தூக்க விடாம. "எங்கண்ணன் வராம எடுக்காதீங்க"ன்னு அத்த பொட்டியப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சாம். மழ வேற. கடைசியில பொழுது சாயவும், அத்த மகன் ஜீவராஜ் கடைத்தெருவுக்கு ஓடி ஒரு சேலைய வாங்கிட்டு வந்து, யாரோ ஒண்ணுவிட்ட சொந்தத்தக் கொண்டு போட்டிருக்காங்க.

ஆண்டியப்பன்: நான் போட்டேனேடா.

கஜேந்திரன்: யாரு மேல?

ஆண்டியப்பன்: எந்தங்கச்சி மேல. இந்தக் கையாலதான். வெள்ளச் சேல, ஓரத்துல நீலம்.

கஜேந்திரன்: அத்த மேல ஒங்க சேல விழலப்பா.

பூரணி: அழகம்மா ரொம்பத்தான் மெலிஞ்சிட்டா. கறுத்தும் போயிட்டா. நான் அப்பவே நெனச்சேன். நாலஞ்சு வருசமா மொகத்தையே பாக்கல, மனுசி இப்பிடி ஆயிட்டாளேன்னு.

கஜேந்திரன்: அத்த மெலிஞ்சிச்சா? இன்னைக்கும் பஸ்ஸுல ரெண்டு பேரு சீட்டுல தனியா ஒக்காரும்.

பூரணி: கவல வந்தா மெலிய மாட்டாங்களா?

கஜேந்திரன்: ஒரே ராத்திரியிலயா? சரி, இப்பிடிச் செய்வோம். நேத்து எந்திரிச்சதுல இருந்து ஒவ்வொண்ணா சொல்லுங்க. எதையும் தாண்டாம.

ஆண்டியப்பன்: எந்திரிச்சேன். மொகம் கழுவுனேன். ஒங்கம்மா ரொட்டி சுட்டா. கருக்கிட்டா.

பூரணி: கருகல.

ஆண்டியப்பன்: நோர்வூட்டுல பஸ் ஏறுனோம். ஹட்டன்ல எறங்கி மாறுனோம். நுவரெலியாவுல எறங்கி மறுபடி மாறுனோம்.

பூரணி: ஹட்டன்ல எம் பக்கத்துல ஒரு பொம்பள வந்து ஒக்காந்தா. மஞ்சக் கவுனு. ஒரு பைக்குள்ள கோழி. உயிரோட. அது நானுஓயா வரைக்கும் என்னையவே பாத்துக்கிட்டு வந்துச்சு.

ஆண்டியப்பன்: கோழியா? எப்ப?

பூரணி: ஒங்க காலத்தான் கொத்துச்சு.

ஆண்டியப்பன்: இல்லவே இல்ல. ஆனா நுவரெலியாவுல வட தின்னோம். அது ஞாபகம் இருக்கு.

பூரணி: வடையா? நான் வட திங்கலையே.

ஆண்டியப்பன்: நீ ரெண்டு தின்ன.

கஜேந்திரன்: சரி, சரி. நுவரெலியாவுல எந்த பஸ் ஏறுனீங்க?

ஆண்டியப்பன்: ராகல பஸ்ஸு. அதுதானே கந்தப்பள வழியா போவும். அதெல்லாம் எனக்குத் தெரியாதா?

கஜேந்திரன்: ஏறுனீங்க. பொறகு?

பூரணி: பொறகு சாவு வீடு.

கஜேந்திரன்: நடுவுல?

பூரணி: நடுவுல என்ன?

கஜேந்திரன்: பஸ்ஸுல இருந்து எறங்கலையா? பஸ்ஸோடவா சாவு வீட்டுக்குள்ள போனீங்க?

ஆண்டியப்பன்: எறங்குனோம். எறங்காம எப்பிடி போவோம்.

கஜேந்திரன்: எந்த எடத்துல எறங்குனீங்க?

ஆண்டியப்பன்: ...வெள்ளக் கொடி கட்டியிருந்துச்சு. ரோட்டுல இருந்து வரிசையா. தப்புச் சத்தம் கேட்டுச்சு. கொடியப் புடிச்சுக்கிட்டே நடந்தோம். நேரா கொண்டுபோயி லயத்துல விட்டுச்சு.

கஜேந்திரன்: கொடி வழி காட்டும்ப்பா. யாரு வீட்டுக்குன்னு சொல்லாது. திரும்பி வாறப்போ எப்பிடி வந்தீங்க?

ஆண்டியப்பன்: அது சொகமா வந்தோம். பஸ்ஸு பொறப்படுற எடத்துலயே ஏறுனோம், காலி பஸ்ஸு. ஒங்கம்மாவுக்கு ஜன்னல் சீட்டு. டிரைவரு எறங்கி தேத்தண்ணி குடிச்சிட்டு வந்துதான் எடுத்தான்.

கஜேந்திரன்: பொறப்படுற எடமா?

ஆண்டியப்பன்: ஆமா. அதுக்கு மேல அந்த பஸ் போவாது.

கஜேந்திரன்: ...அப்பா. கந்தப்பளையில அந்த பஸ் ரெண்டு நிமிசம் நின்னுட்டுப் போயிரும். பொறப்படுறது ராகலையில.

பூரணி: அதான் குளிரு அப்பிடி அடிச்சிச்சா.

கஜேந்திரன்: கடவுளே. கந்தப்பளையத் தாண்டிப் போயி, ராகலையில எறங்கி, யாரோ செத்ததுக்கு... அம்மா, யாருன்னே தெரியாத பொணத்துக்கா தொண்ட கட்ட அழுதீங்க?

பூரணி: பொணத்துல என்ன தம்பி யாரு, எவரு. அந்த வீட்டுல அழ ஆளே இல்ல. நான் போயி எடுத்துக் குடுத்த பொறகுதான் மத்தவளுகளுக்கே வாய் தொறந்துச்சு.

கஜேந்திரன்: யாரும் கேக்கலையா, நீங்க யாருன்னு?

ஆண்டியப்பன்: ஒருத்தன் கேட்டான். கையில இருந்த சேலையக் காட்டி, "நான் அண்ணன்"னேன். ஒடனே வழி விட்டுட்டாங்க. ஒருத்தன் கதிரை கொண்டாந்து போட்டான்.

கஜேந்திரன்: அந்தப் பொம்பள? அது ஒண்ணும் சொல்லலையா?

ஆண்டியப்பன்: தல விரிச்சுப் போட்டு அழுதுக்கிட்டு இருந்துச்சு. நிமுந்து பாத்துச்சு. "அண்ணே, வந்துட்டியாண்ணே"ன்னு காலக் கட்டிக்கிருச்சு. அண்ணன்னு கூப்புட்ட பொறகு அடையாள அட்டையா கேக்க முடியும்?

பூரணி: அதோட அண்ணன்மாரு எல்லாம் அந்தக் காலத்துலயே இந்தியாவுக்குப் போயிட்டாங்களாம். கப்பல் ஏறுனவங்கதான், ஒரு காயிதம் இல்ல. பக்கத்துல இருந்த பொம்பள சொன்னா. கோடி போட யாருமில்ல, புருசன் வழியில யாராச்சும்தான் போடணும்னு பேசிக்கிட்டு இருந்தாங்களாம்.

கஜேந்திரன்: அத கேட்டுமா ஒங்களுக்குச் சந்தேகம் வரல?

பூரணி: அழுகைக்கு நடுவுல யாரு தம்பி கத கேக்குறா.

ஆண்டியப்பன்: ஒரு வயசானவன் எங்கிட்ட வந்து, "இந்தியாவுல இருந்தா வாறீங்க"ன்னு கேட்டான். "இல்ல, பஸ்ஸுலதான் வந்தேன்"னேன்.

கஜேந்திரன்: ...

ஆண்டியப்பன்: சிரிக்கிறியா, அழுவுறியா?

கஜேந்திரன்: தெரியல. ரெண்டும்தான். அப்பா, அங்க அத்த பொட்டியப் புடிச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருக்கு. நீங்க எங்கயோ போயி யாருக்கோ அண்ணனா நின்னிருக்கீங்க. நேத்து சரி, பத்திரமா வந்துட்டீங்க. நாளைக்கு பதுள பஸ்ஸுல ஏறி எங்கயாச்சும் காட்டுல எறங்குனா நான் எங்க போயி தேடுறது? எனக்குப் பயமா இருக்குப்பா. ராத்திரி பூரா பஸ்ஸுல ஒக்காந்து அதத்தான் நெனச்சுக்கிட்டு வந்தேன்.

ஆண்டியப்பன்: நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா?

கஜேந்திரன்: சின்னப் புள்ளைங்கன்னா எறங்க வேண்டிய எடத்தக் கேட்டு எறங்கும். நான் முடிவு பண்ணிட்டேன். ஞாயித்துக்கெழம தனுஜா வந்து அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போவா. நீங்க இன்னைக்கே எங்கூடப் பொறப்படுங்க.

ஆண்டியப்பன்: நான் வர மாட்டேன்.

கஜேந்திரன்: கெஞ்சுறேன்ப்பா.

ஆண்டியப்பன்: வத்தளையில எனக்கு யாரத் தெரியும்? காலையில எந்திரிச்சு யாரோட சண்ட போடுவேன்?

கஜேந்திரன்: என்னோட போடுங்க.

ஆண்டியப்பன்: நீ விடியவே வேலைக்குப் போயிருவ.

பூரணி: தம்பி... ஒக்காரு.

கஜேந்திரன்: ஒக்காந்துதாம்மா இருக்கேன்.

பூரணி: ஒண்ணு சொல்றேன். கத்தக்கூடாது.

கஜேந்திரன்: சொல்லுங்க.

பூரணி: நாங்க மறக்கல.

கஜேந்திரன்: என்னது?

பூரணி: கந்தப்பள வந்துச்சு. கண்ணால பாத்தேன். ஒங்கப்பா எந்திரிக்கப் போனாரு. நாந்தான் கையப் புடிச்சு அமுக்கி, "ஒக்காருங்க"ன்னேன்.

கஜேந்திரன்: எதுக்கும்மா?

பூரணி: எதுக்கா? மூக்கன் செத்ததுக்கு நான் அழ மாட்டேன். அது கல்யாணத்துக்கு முன்னாடியே போட்ட சபதம்.

கஜேந்திரன்: மாமா ஒங்களுக்கு என்ன செஞ்சாரு?

பூரணி: என்னைய மொதல்ல மூக்கனுக்குத்தான் பேசுனாங்க. ஒங்கப்பாவுக்கு அப்புறம்தான் வந்துச்சு. பொண்ணு பாக்க வந்து, வெத்தல தின்னு, தேத்தண்ணி குடிச்சு, எல்லாம் முடிச்சிட்டு வாசல்ல நின்னு சொன்னான்... "பொண்ணுக்குப் பல்லு எடுப்பா இருக்கு, கொழுந்தக் கையால எடுக்குமா, கடிச்சு எடுக்குமா"ன்னு. லயமே சிரிச்சிச்சு. எனக்குப் பத்தொம்பது வயசு.

கஜேந்திரன்: இத எங்கிட்ட ஒருநாளும் சொன்னதே இல்லையே.

பூரணி: பெத்த புள்ளைகிட்ட சொல்ற கதையா இது? ஒங்கப்பாவுக்குத் தெரியும். கேளு.

கஜேந்திரன்: அப்பா?

ஆண்டியப்பன்: ...ஆமா. சொன்னான். பல்லு... பல்லப் பத்தித்தான் சொன்னான்.

பூரணி: அந்த மனுசன் பொணத்துக்கு முன்னால நான் மாரடிக்கணுமா?

கஜேந்திரன்: சரிம்மா, கோவம். அப்பிடியே அடுத்த பஸ்ஸுல வீட்டுக்கு வந்திருக்கலாமே. அந்நியச் சாவுல போயி எதுக்கு?

பூரணி: கையில கோடி இருக்கு. சாவுக்குன்னு வாங்குன சேலைய எவளாச்சும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாருவாளா? நடுக் காம்பராவுல கோடிய வச்சுக்கிட்டு நான் ஒங்கப்பா மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? ரோட்டுலயும் போட முடியாது. எங்கயாச்சும் ஒரு தாலியறுத்தவ மேல போட்டாத்தான் ஆச்சு. வெள்ளக் கொடி தெரிஞ்சிச்சு. எறங்கிட்டோம்.

கஜேந்திரன்: ...அது சரிதான். திருப்பிக் கொண்டாரக் கூடாதுதான்.

பூரணி: பொறகு?

கஜேந்திரன்: அப்ப தொண்ட கட்ட அழுதது நடிப்பா?

பூரணி: அது நடிப்பில்ல. அண்ணனே இல்லாதவ, யாரோ ஒருத்தர் காலக் கட்டிக்கிட்டு அழுவுறா. அதப் பாத்தா ஒனக்கு அழுக வராதா?

கஜேந்திரன்: அப்ப மீச, மெலிஞ்சு போச்சு, அது இதுன்னு இவ்வளவு நேரம் என்னைய ஏன் சுத்தல்ல விட்டீங்க?

பூரணி: வேணும்னேதான் போகலைன்னு எந்த மொகத்தோட சொல்றது? மறதிக்காரின்னா கேக்குறவங்க பாவம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. கெட்டவன்னா காலத்துக்கும் பேசுவாங்க. அதான் மறதியில ஒளிஞ்சுக்கிட்டேன். நீ எங்களப் பிரிப்பன்னு நெனைக்கல.

கஜேந்திரன்: அப்பா, நீங்க என்னைய நேராப் பாருங்க. சொந்தத் தங்கச்சி. ஒரே தங்கச்சி. அம்மாவோட கோவத்துக்காக நீங்களும் வேணும்னே போகலையா? மறந்துட்டீங்களா, வேணும்னா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

ஆண்டியப்பன்: வேணும்னேதான்.

கஜேந்திரன்: மறக்கல?

ஆண்டியப்பன்: மறக்கல. எல்லாம் நல்லா தெரியும்.

கஜேந்திரன்: வெக்கமா இல்லையாப்பா ஒங்களுக்கு?

ஆண்டியப்பன்: இருக்குடா.

கஜேந்திரன்: கெழட்டுக் காலத்துல இவ்வளவு கறுவமா ரெண்டு பேருக்கும். இதுக்கு மறதியே தேவல. இப்ப நான் அத்தகிட்ட என்னன்னு சொல்றது? பல்லப் பத்திச் சொன்னதுக்காக வரலைன்னா?

பூரணி: ஐயோ, அப்பிடிச் சொல்லிராத. மறந்துட்டாங்கன்னு சொல்லு.

கஜேந்திரன்: எனக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு.

பூரணி: டாக்டரம்மா சொன்னதுதானே. அவங்க எழுதிக் குடுத்த துண்டையும் வேணும்னா காட்டு.

கஜேந்திரன்: சரி, நான் இப்பவே கந்தப்பளைக்குப் போறேன். ஹட்டன்ல ஒரு சேல எடுத்துக்கிட்டுப் போயி அத்த கால்ல விழுறேன். காரியத்துக்கு நான் வந்து ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போவேன். ரெண்டு பேரும் எங்கூட வந்து, அத்தைக்கு முன்னால ஒக்காந்து, வாயத் தொறக்காம அழணும். செய்வீங்களா?

பூரணி: செய்றோம்.

கஜேந்திரன்: அப்பா?

ஆண்டியப்பன்: அழுறேன்டா. சொல்லவே வேணாம்.

பூரணி: அப்ப பதுள, வத்தள எல்லாம்...?

கஜேந்திரன்: இருங்க, இங்கயே கெடங்க. ஒங்கள மாதிரி ரெண்டு பேரப் பிரிச்சு வச்சா ஆளுக்கு ஒரு ஊர நாசமாக்குவீங்க. தனுஜாகிட்ட நான் பேசிக்கிறேன்.

பூரணி: தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போ தம்பி.

கஜேந்திரன்: வேணாம். ஜெயகாந்தன் த்ரீவீல் மேல ரோட்டுல நிக்கிது, விட்டா போயிருவான். அப்பா, வாறேன். ...அம்மா, ஒங்க பல்லு நல்லாத்தான் இருக்கு. மாமாவுக்குக் கண்ணு தெரியல.

பூரணி: பாத்துப் போ ராசா.

ஆண்டியப்பன்: ...

பூரணி: ...

ஆண்டியப்பன்: போயிட்டானா?

பூரணி: கோயிலத் தாண்டிட்டான். படியெல்லாம் தாவிப் போறான், ஒங்கள மாதிரியே.

ஆண்டியப்பன்: பூரணி, மூக்கன் ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தானா? இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலையே நீ.

பூரணி: எந்த மூக்கன்? யாரு வந்தா? வாய்க்கு வந்தது, சொன்னேன். பாவம், தங்கமான மனுசன். நம்ம கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதே அவருதான்.

ஆண்டியப்பன்: அடிப்பாவி. செத்துப்போனவன் தலையில...

பூரணி: அவருக்கு இனி என்ன, கோவமா வரப்போவுது? ஒங்கள அங்க அனுப்பிட்டு, நான் பதுளையில சம்பந்திக்காரி மொகத்தப் பாத்துக்கிட்டு எத்தன நாளு இருப்பேன்? முடியாதுங்க என்னால. பொய்தான். பெரிய பொய்தான். காரியத்துக்குப் போயி அவரு படத்துக்கு முன்னால விழுந்து கும்பிட்டுக்கிறேன்.

ஆண்டியப்பன்: அழகம்மா பொட்டியப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தாளாமே.

பூரணி: ...ஆமாங்க.

ஆண்டியப்பன்: சின்னதுல என்னைய விட்டு நகர மாட்டா. நான் மலைக்குப் போனா வாசல்லயே ஒக்காந்திருப்பா, வாற வரைக்கும். நேத்தும் அப்பிடித்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பா. இப்ப வேணும்னே வரலைன்னு எம்மகன் நெனச்சுக்கிட்டுப் போறான். மனசு எரியுது, புள்ள.

பூரணி: எனக்கு மட்டும் குளுந்தா கெடக்கு?

ஆண்டியப்பன்: சரி விடு. இங்கயே இருக்கோம், அது போதும். ஆனா ஒண்ணு. கந்தப்பளையில எங் கையப் புடிச்சு அமுக்குனன்னு சொன்னியே. நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், எனக்குக் கொஞ்சங்கூட வரல. பயந்துட்டேன். இது கூட மறந்துபோச்சான்னு.

பூரணி: அது நடக்கவே இல்லங்க. அதுவும் பொய்தான். கந்தப்பள எப்ப வந்துச்சு, எப்ப போச்சுன்னு எனக்குத் தெரியாது.

ஆண்டியப்பன்: அப்ப ராகலையில ஒன்னைய நம்பித்தானே நான் எறங்குனேன். நீ விறுவிறுன்னு எந்திரிச்சுப் போன. இவளுக்கு எடம் தெரிஞ்சிருக்குன்னு பொறத்தாலயே வந்தேன்.

பூரணி: நானா? நீங்க காலடியில இருந்த பைய எடுத்து மடியில வச்சீங்க. எறங்குற எடம் வந்திருச்சுன்னுதான் நான் எந்திரிச்சேன். நான் இப்ப எல்லாம் அப்பிடித்தாங்க எறங்குறேன். ஒங்க கையப் பாத்துக்கிட்டே வருவேன். பைய எடுத்தீங்கன்னா எந்திரிச்சிருவேன். ஒங்களுக்குத்தான் எல்லா எடமும் தெரியுமே.

ஆண்டியப்பன்: நான் பைய எடுத்தது காலு மரத்துப்போச்சேன்னு, புள்ள. எங்க போறோம்ங்கிறது எனக்கு ஹட்டன்லயே மறந்துபோச்சு... ஒங்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு.